பஞ்சர் என்று சொல்வதற்கு முன் டயரை ஒருமுறை பாருங்கள்

கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பச்சை இலை எடைச் சீட்டிலிருந்து லாரி வாடகை வரை என் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. ஒரு பில்லில் ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்புகிறவள் நான். அப்படிப்பட்டவள் என் சொந்தக் கார் டயருக்கு இன்சூரன்ஸ் கேட்கும்போது, வாயில் வந்த ஒரே ஒரு வார்த்தையால் மாட்டிக்கொண்டேன். அந்த வார்த்தை பஞ்சர்.

நடந்தது இதுதான். நவம்பர் மழை. மகள் சென்னைக்குக் கிளம்ப வேண்டும்; மேட்டுப்பாளையத்தில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ். இருட்டும் நேரத்தில் இறங்கினோம். அரவேணு தாண்டியதும் ஓரிடத்தில் மண் சரிந்து, கல்லும் சேறுமாக ரோட்டில் கிடந்தது. எதிரே பஸ். நான் இடது பக்கம் ஒதுங்கினேன். பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். “என்னம்மா அது?” என்றாள் மகள். “கல்லும்மா” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன்.

அப்புறம் வளைவுகளில் வண்டியின் பின்பக்கம் லேசாக ஆடியது. ஈர ரோடு, அதனால்தான் என்று நினைத்தேன். ரப்பர் கருகும் வாசனை வந்தது. முன்னால் போன லாரியின் பிரேக் என்று நினைத்தேன். குஞ்சப்பனையில் டீக்கு நிறுத்தியபோது கடைக்காரர்தான் சொன்னார்: “ஏனுங்க, பின்னாடி டயரு சப்பையாக் கெடக்குதுங்களே, பாக்கலீங்களா?” பார்க்கவில்லை. கணக்குப் போட்டால் எட்டு ஒன்பது கிலோமீட்டர் காற்றே இல்லாத டயரில் ஓட்டி வந்திருக்கிறேன். ஸ்டெப்னியை இறக்கினால் அதிலும் பாதிக் காற்றுதான். ரயிலை எப்படியோ பிடித்தோம், அது வேறு கதை.

ஓட்டத் தெரியாதவர்களுக்குத்தான் இப்படி நடக்கும் என்று என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி இல்லை. முன் டயரில் காற்று இறங்கினால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், கையில் தெரிந்துவிடும். பின் டயருக்கு அந்த இழுப்பு கைக்கு வராது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் மெதுவாக வரும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும். வண்டி ஓடத் திணறுகிறதா என்று ஆக்சிலேட்டரில் கால் வைத்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஏற்றத்திலோ சமவெளியிலோ என்றால் சீக்கிரம் தெரிந்திருக்கும். ரேடியல் டயர் வேறு, நல்ல காற்று இருக்கும்போதே கீழே கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். அதனால் கண்ணால் பார்த்தோ, காலால் உதைத்தோ முடிவு செய்யாதீர்கள். ஒரு காற்று அளவி வாங்கி டேஷ்போர்டில் போட்டுவையுங்கள். நான் வாங்கியது நானூறு ரூபாய்.

இன்னொரு சமாதானமும் உண்டு. “மலைக்குக் கீழ போறோம்ல, காத்து கொறையத்தான் செய்யும்.” இதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில், மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறினால் சுமார் 1,400 மீட்டர் உயரம் கூடுகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவியில் இரண்டு பாயிண்ட் (பிஎஸ்ஐ) சொச்சம் கூடக் காட்டும். ஆனால் மேலே குளிர். பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைந்தாலே ஒன்றரை, இரண்டு பாயிண்ட் இறங்கிவிடும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று சாப்பிட்டுவிடும். இறங்கும்போது இதே கணக்கு தலைகீழ். ஆகவே காலையில், வண்டி எடுக்கும் முன், நான்கு டயரில் ஒன்று மட்டும் மற்றதைவிட நான்கைந்து பாயிண்ட் குறைந்திருந்தால் அதற்கு மலை காரணமில்லை. அந்த டயரில் ஏதோ இருக்கிறது. ஓடி வந்த சூட்டில் அளக்காதீர்கள், அப்போது எல்லாமே கூடத்தான் காட்டும்.

வழியில் சந்தேகம் வந்தால் இப்போது நான் செய்வது: நிறுத்த இடம் கிடைத்ததும் இறங்கி, ஒவ்வொரு டயரின் பக்கச் சுவருக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோகிறேன். காற்றில்லாமல் ஓடிய டயர் மற்ற மூன்றையும்விட நன்றாகச் சுடும். வீல் டிஸ்க்கைத் தொடாதீர்கள், இறக்கத்தில் பிரேக் சூட்டில் அது எப்படியும் கொதிக்கும்.

சரி, காற்று இறங்கியது தெரிந்துவிட்டது. எங்கே நிறுத்துவது? கொண்டை ஊசி வளைவிலோ அதற்கு முன்னும் பின்னுமோ கூடாது. மேலே மண் சரிந்திருக்கும் இடத்திலும் கூடாது. குஞ்சப்பனை பக்கம் என்றால், பலாப்பழ சீசனில் யானை ரோட்டுக்கு வரும். இருட்டில் வீல் ஸ்பேனரோடு குனிந்து உட்கார்ந்திருக்கும் வேலை வேண்டாம். டயர் போனால் போகிறது, நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு வெளிச்சமும் ஆளும் இருக்கிற இடத்துக்குப் போய்விடுங்கள். ஆனால் அது இருநூறு முந்நூறு மீட்டராக இருக்கட்டும், என்னைப் போல ஒன்பது கிலோமீட்டராக வேண்டாம்.

சரிவில் டயர் மாற்றுவது சமதளத்தில் மாற்றுவது போலில்லை. ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டால் மிச்சம் ஒரே சக்கரம்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் கியரையும் போட வேண்டும்: வண்டி இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ், ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர். நம் சின்னக் கார்கள் பெரும்பாலும் முன் சக்கரத்தில் ஓடுகிறவை என்பதால், பின் சக்கரத்தைத் தூக்கினாலும் கியர் முன்னால் பிடித்துக்கொள்ளும். சக்கரங்களுக்குப் பள்ளப் பக்கம் கல் அணை கொடுங்கள். ஸ்டீயரிங்கை மலைப்பக்கம் திருப்பி வையுங்கள். நட்டுகளை ஜாக்கி போடும் முன்பே கால் சுற்று இளக்கிவிடுங்கள். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரமும் சேர்ந்து சுற்றும், ஜாக்கியும் ஆடும். கழற்றிய டயரை ஓரமாகப் போடாமல், ஜாக்கிக்குப் பக்கத்தில் வண்டிக்கு அடியில் படுக்க வைத்தால், ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும். மாட்டும்போது நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்கி, வண்டி தரையில் இறங்கியதும் இன்னொரு முறை இறுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் பார்த்துவிடுங்கள். ஸ்டெப்னி ஒல்லியான தற்காலிக வகை என்றால் அதிலேயே எழுதியிருக்கும், 80-க்கு மேல் போகக்கூடாது என்று. மலையில் அந்த வேகமும் வேண்டாம்.

முடிந்ததும் அணை கொடுத்த கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள், தயவுசெய்து. ராத்திரியில் பைக்கில் வருகிறவனுக்கு அது எமன். நம் மலைப்பாதைகளில் ரோட்டு நடுவே கிடக்கும் பாதிக் கல் இப்படி வந்ததுதான் என்பது என் சந்தேகம்.

புதுக் கார் சிலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. 2020 அக்டோபரிலிருந்து, காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமல் கார் விற்க அனுமதி உண்டு. அந்தக் கிட்டை நம்பி ஒரு தப்பு செய்யாதீர்கள். காற்றில்லாமல் வெகுதூரம் ஓடிய டயருக்குள் பசையை ஊற்றிக் காற்றடிப்பது ஆபத்து. வெளியே நன்றாகத்தான் தெரியும். உள்ளே பக்கச் சுவர் நொறுங்கியிருக்கும். காற்றேற்றும்போதோ அடுத்த வளைவிலோ வெடிக்கலாம். வெளியூரிலிருந்து இ-பாஸ் எடுத்துக்கொண்டு நீலகிரிக்கு வருகிறவர்களின் கவனத்துக்கும் இதைச் சொல்கிறேன். பாஸில் வண்டி நம்பரைத்தான் கேட்பார்கள், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள்.

இனி பணம்.

மறுநாள் காலை இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். பாலிசியில் டயர் கவர் தனியாகச் சேர்த்து வாங்கியிருந்தேன். “என்ன ஆச்சு மேடம்?” “டயர் பஞ்சருங்க.” அவ்வளவுதான். அந்தப் பெண் அதை அப்படியே பதிவு செய்துகொண்டாள். இரண்டு நாளில் மெயில் வந்தது: பஞ்சர் இந்தக் கவரில் அடங்காது.

நமக்கு டயரில் காற்று இறங்கினால் எல்லாமே பஞ்சர்தான். ஆணி குத்தினாலும் பஞ்சர், வால்வு கசிந்தாலும் பஞ்சர், பக்கச் சுவர் அறுந்தாலும் பஞ்சர். பாலிசிக்கு அப்படி இல்லை. டயர் கவர்களில் வழக்கமாகப் பணம் தருவது மூன்றுக்கு: வெட்டு, வீக்கம், வெடிப்பு. அதாவது விபத்தாக டயர் கிழிவது, பக்கத்தில் கொப்புளம் போலப் புடைப்பது, வெடிப்பது. ஆணி குத்தித் திரி வைத்து அடைக்கிற செலவு, தேய்மானம், தயாரிப்புக் குறை, டயரை மட்டும் திருடிக்கொண்டு போவது, இவையெல்லாம் வெளியே. காற்றில்லாமல் ஓட்டியதால் மட்டும் ஆன சேதத்தையும் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவார்கள்.

டயர் கவர் வாங்காதவர்களுக்கும் ஒரு வரி. சாதாரண முழு பாலிசியில், வண்டியின் வேறு பாகமும் அதே நேரத்தில் சேதமானால்தான் டயருக்குப் பணம். அதுவும் புது டயர் விலையில் அதிகபட்சம் பாதி. அதற்கு மேல் கட்டாயக் கழிவு என்று நம் கையிலிருந்து போவது வேறு, 1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. டயர் மட்டும் போயிருந்தால் ஒன்றுமில்லை.

எனக்கு வழி காட்டியவர் மேட்டுப்பாளையத்தில் டயர் கடை வைத்திருக்கும் பாய். டயரை ரிம்மிலிருந்து கழற்றியதும் உள்ளேயிருந்து கருப்புத் தூள் ஒரு கைப்பிடி கொட்டியது. “இது நீங்க ஓட்டுனதுல நொறுங்குனதுங்க்கா” என்றார். பக்கச் சுவரின் உள்பக்கம் சுற்றிலும் ஒரு வளையம் போலக் கசங்கியிருந்தது. பிறகு டயரைத் திருப்பி, வெளிப்பக்கம் ஓரிடத்தைக் காட்டினார். இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு வெட்டு. விரலால் விரித்தால் உள்ளே நூல் தெரிந்தது, அதுவும் அறுந்து. அதே இடத்துக்கு நேராக ரிம் விளிம்பில் ஒரு நசுங்கல். “ஓட்டி நொறுங்குனது சுத்தியும் இருக்கும். வெட்டு ஒரே எடத்துலதான் இருக்கும். மொதல்ல வெட்டு, அப்புறந்தான் நொறுங்கல். இதைக் காட்டுங்க.”

இவ்வளவுதான் விஷயம். காற்று இறங்கியது தெரியாமல் ஓட்டியவருக்கு எதிராகக் கம்பெனி சொல்லப்போவது ‘ஓட்டியதால் போச்சு’ என்பது. அதற்கு முன்னால் வேறொன்று நடந்தது என்று டயரே சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் போதாது. அதனால் கழற்றும்போது கடையில் கூடவே நில்லுங்கள். ரிம்மிலிருந்து பிரிப்பதற்கு முன், வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பிரித்த பிறகு டயரில் உள்ள வெட்டும் ரிம்மில் உள்ள நசுங்கலும் ஒரே இடம்தான் என்று காட்ட அது உதவும். டயரைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ‘அடைச்சுப் பாக்கலாம்’ என்று யாராவது பேட்ச் போட்டால் சாட்சி போச்சு.

போட்டோ எடுக்கும்போது நான் பின்பற்றியது ஃபேக்டரியில் சேதமான சரக்குக்கு எடுக்கிற முறைதான். முதலில் நம்பர் பிளேட்டும் டயரும் ஒரே படத்தில். பிறகு டயர் முழுவதும். பிறகு வெட்டு, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து. ரிம் நசுங்கல். கிலோமீட்டர் மீட்டர். டயரின் மேல் இருக்கும் அளவும் தொடர் எண்ணும். டயரில் DOT (டாட்) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் வருடமும் சொல்லும். கடைசியாக, பட்டன் ஆழத்தை, அதாவது ரோட்டைத் தொடும் பக்கத்தில் உள்ள பள்ளங்களின் ஆழத்தை, அதற்கான அளவியை வைத்தே ஒரு படம். அன்று ராத்திரி நான் எடுத்தது ஒரே ஒரு மங்கலான படம். ஆனால் அதில் நேரமும் இடமும் பதிவாகியிருந்தது, அது உதவியது. மறுநாள் மேலே திரும்பும்போது மண் சரிந்த இடத்தில் நிறுத்தி அதையும் எடுத்தேன்.

பட்டன் ஆழம் எதற்கு என்றால், பணம் அதை வைத்துத்தான். புது டயரில் பெரும்பாலும் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும், 1.6 ஆகிவிட்டால் சட்டப்படியே அது ரோட்டில் ஓடத் தகுதியில்லாத டயர். இடையில் எவ்வளவு மிச்சமோ அதற்கேற்ற சதவீதம் என்று பாலிசியில் ஓர் அட்டவணை இருக்கும். என் பாலிசியில் 3-லிருந்து 5 வரை என்றால் பாதி. என் டயரில் 4.6. டயர் விலை 4,600. கையில் வர வேண்டியது 2,300. கவர் எடுக்கும்போது இந்த அட்டவணையை யாரும் காட்ட மாட்டார்கள். கேட்டு வாங்கிப் படியுங்கள். மொட்டை டயருக்குக் கவர் கட்டுவது, உதிர்ந்த இலைக்கு எடை போடுவது மாதிரி.

மறுபடியும் எழுதினேன், இந்த முறை மெயிலில். வளைத்து எழுதவில்லை, மறைக்கவும் இல்லை. “அரவேணுவுக்குக் கீழே மண் சரிந்த இடத்தில் கல் மீது ஏறியதில் பின் இடது டயரின் பக்கச் சுவர் வெட்டுப்பட்டது. இருட்டிலும் மழையிலும் காற்று இறங்கியது தெரியவில்லை. குஞ்சப்பனையில் தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். போனில் நான் பஞ்சர் என்று சொன்னது பேச்சு வழக்கில். வெட்டின் படங்களும் கடைக்காரரின் எழுத்தும் இணைத்துள்ளேன்.” எத்தனை கிலோமீட்டர் ஓட்டினேன் என்பதையும் எழுதினேன். மறைத்தால் உள்ளே இருக்கிற கருப்புத் தூள் காட்டிக்கொடுத்துவிடும், அப்புறம் மற்றதையும் நம்ப மாட்டார்கள். உண்மையிலேயே ஆணி என்றால் ஆணி என்றே சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். வெட்டு என்று கதை கட்டினால் அது மோசடி.

சேர்த்து அனுப்ப வேண்டியவை: ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி, க்ளெய்ம் படிவம், புது டயரின் ஜிஎஸ்டி பில், வங்கி விவரம். பழைய டயர் வாங்கிய பில் இருந்தால் நல்லது. காரோடு வந்த டயர் என்றால் கார் பில்லே போதும். புது டயர் மாட்டுவதற்கு முன் கம்பெனிக்குச் சொல்லி, பார்க்க வருகிறார்களா, படம் போதுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி ஓடிக்கொண்டிருக்கும்வரை அவசரமில்லை. மலையில் சிக்னல் கிடைக்காமல் சொல்லத் தாமதமானால் அதற்காகப் பயப்படவும் வேண்டாம்: தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான க்ளெய்மைத் தள்ளக்கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏ 2011-லேயே கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் தாமதத்துக்குக் காரணம் எழுதுங்கள்.

கேட்பதற்கு முன் இன்னொரு கணக்கும் உண்டு. க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில், அதாவது நம் வண்டிச் சேதத்துக்காகக் கட்டும் பகுதியில், 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும் தள்ளுபடி; இதைத்தான் நோ க்ளெய்ம் போனஸ் என்பார்கள். உங்கள் சொந்தச் சேதப் பிரீமியம் 6,000 ரூபாய், தள்ளுபடி 35 சதவீதம் என்றால் அதன் மதிப்பு 2,100. டயருக்கு வருவது 2,300. அதற்காக இதை இழந்தால் மிச்சம் இருநூறு ரூபாயும் தலைவலியும். ஆகவே, “டயர் கவரில் மட்டும் கேட்டால் என் போனஸ் போகுமா?” என்று முதலில் கேளுங்கள். எனக்குப் போகாது என்று மெயிலில் சொன்னார்கள். அதன் பிறகுதான் மேலே போனேன்.

மறுத்தால் விட்டுவிடாதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அடுத்து ஐஆர்டிஏ-வின் பீமா பரோசா என்ற புகார் தளம், அல்லது 155255-க்குப் போன். கம்பெனி முப்பது நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். எனக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. இரண்டாவது மெயிலுக்கு ஒரு ஆள் வீடியோ காலில் டயரைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார், வெட்டை இரண்டு முறை விரிக்கச் சொன்னார், பட்டனை அளக்கச் சொன்னார். பன்னிரண்டு நாள் கழித்து 2,300 வந்தது. ஃபிட்டிங், பேலன்சிங், புது வால்வு சேர்த்து 350 என் கையிலிருந்து போனது.

பழைய டயரைத் தாங்களே எடுத்துக்கொள்வதாகவும், அதுவரை பத்திரமாக வைத்திருக்கும்படியும் அதே மெயிலில் எழுதியிருந்தார்கள். இரண்டு மாதமாக அது எங்கள் விறகு ஷெட்டில் கிடக்கிறது. மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு வருகிறது, எப்போது வருவீர்கள் என்று கேட்டு மூன்றாவது மெயில் போட்டிருக்கிறேன்.